இரண்டாம் முறை போகாத வீடு

போன மாதம் எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் யாராவது இப்படி வந்துபோவதுண்டு. ஒருத்தி தன் கைப்பேசியைத் திறந்து காட்டினாள். உதவி கேட்டு வரும் குடும்பங்களை இனிமேல் அதில்தான் பதிய வேண்டுமாம். சொந்த வீடா, வாடகையா? டிவி உண்டா? ஃபிரிட்ஜ் உண்டா? வண்டி உண்டா? ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று தொட்டுக்கொண்டே போனால், கடைசியில் அதுவே மதிப்பெண் போட்டு, இந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுகிறது.

"இது சரியா வருமாக்கா? நீங்கள்லாம் எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பினேன். அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ரோஸ்லின். நான் வேலை பார்த்தது பெரிய சங்கம் இல்லை. அம்பத்தூரில் ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு மரப்படி. ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுப்போம். தேவைப்பட்டால் மாத்திரை, பள்ளிக்கூடத் துணி. கம்பெனி ஆட்கள், கடைக்காரர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று எல்லாருமாகக் கொடுப்பதில் நடந்தது. ஒரு மாதம்கூடப் போதுமானதாக இருந்ததில்லை. ஆகவே யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று பிரிக்க வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்து அதைச் சொல்வதுதான் என் வேலை. தெருவில் என்னை 'ஊடு பாக்கற அக்கா' என்பார்கள்.

நானும் அந்த மரப்படியில் உதவி கேட்டு ஏறியவள்தான். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டிவிட்டார்கள். ஏழு மாதம் சங்கத்து அரிசியில்தான் பொங்கினோம். பிறகு அவருக்கு வேறு வேலை கிடைத்தது. அரிசி வேண்டாம் என்று சொல்லப்போன இடத்தில், "இங்கேயே வேலைக்கு வர்றீங்களாம்மா?" என்று தேவநாதன் சார் கேட்டார்.

தேவநாதன் சார்தான் சங்கத்தை நடத்தியவர். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எட்டு வயதுக் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. மூன்று மாதம் அவர் பின்னாலேயே நடந்தேன், அவ்வளவுதான்.

அவர் ஒரு வீட்டுக்குள் போகும் விதத்தை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். தார்ப்பாய் கட்டிய குடிசையாக இருந்தாலும் செருப்பை வெளியே விடுவார். உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிடுவார். பையில் தண்ணீர் பாட்டில் இருந்தாலும் அவர்கள் கொடுக்கிற தண்ணீரைக் குடிப்பார். என்ன வேண்டும் என்று முதலில் கேட்கவே மாட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், இந்தப் பக்கம் தண்ணீர் வருகிறதா என்று பேசிக்கொண்டிருப்பார். அவர்கள் எதிரே பேனாவை எடுக்கக் கூடாது. வெளியே வந்து, இரண்டு தெரு தள்ளி, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுவார்.

சேர்ந்த புதிதில், திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டில், அந்தம்மா உள்ளே போயிருந்த நேரம் அடுப்பு மேல் இருந்த பானையின் மூடியை நான் தூக்கிப் பார்த்தேன். சாப்பிட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அவசரம். சார் அதைப் பார்த்துவிட்டார். அந்தம்மா திரும்பி வந்ததும், "எங்க ஆளு உங்க பானையத் தொறந்துட்டாங்க. தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றார். எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

மூடியைத் தொடாமல் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கை கழுவ இடம் கேட்பார். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "சோப்பு இருக்கான்னு பாருங்கம்மா. அரிசி இல்லன்னா அக்கம்பக்கத்துல கேட்டுடுவாங்க. சோப்பு இல்லன்னு யாரும் போய்க் கேக்க மாட்டாங்க. மொதல்ல நிக்கிறது அதுதான்."

இன்னொன்று, எந்த வீட்டுக்கும் இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை, வருகிறோம் என்று சொல்லிவிட்டு. இரண்டாம் முறை, ஒரு வாரத்துக்குள், நாள் சொல்லாமல், வேறு நேரத்தில். "மொத தடவ நாம விருந்தாளி. விருந்தாளிக்கு யாரும் இல்லாமையக் காட்ட மாட்டாங்க. ரெண்டாவது தடவதான் வீட்டப் பாக்கிறோம்" என்பார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்னைப் பார்த்து, ஒவ்வொரு பெயராக, "போனீங்களாம்மா?" என்று கேட்பார். போனேன் என்று நான் சொன்ன பிறகுதான் அந்தப் பெயரை எழுதுவார்.

வசந்தி சங்கத்துக்கு வந்தபோது எனக்கு அங்கே பதினோரு வருட அனுபவம். அவள் கணவர் சேகர் திருமழிசையில் ஒரு சின்னக் கம்பெனியில், தகடு அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டியவர். மெஷின் அவருடைய வலது கையில் நான்கு விரல்களை எடுத்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளி. ஆஸ்பத்திரிச் செலவோடு கம்பெனி நிறுத்திக்கொண்டது. வசந்தி எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில், தைத்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தவள். கணவரைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். திரும்பிப் போனபோது அந்த இடத்தில் வேறு ஆள். பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள், கவிதா. வெள்ளானூரில் ஒரு வாடகைப் போர்ஷன்.

ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் கோலம். உள்ளே தரை துடைத்த ஈரம் காயவில்லை. கட்டிலில் மடிப்புக் கலையாத போர்வை. அறை மூலையில் ஆளுயரத்துக்கு நீல நிற ஃபிரிட்ஜ். சேகர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சீருடையில் அந்தப் பெண் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பால் நிறைய ஊற்றிய, நல்ல டீ. கூட நான்கு பிஸ்கட்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன்.

"இருக்கட்டுங்கா. சாப்டுங்க" என்றாள் வசந்தி. "இவருக்குக் கட்டுப் பிரிச்சிட்டாங்க. ஏதாவது வேல கெட்ச்சிடும். அதுவரிக்கும் கொஞ்சம் பாத்துக்கினீங்கன்னா போதும்." அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கை கழுவ இடம் கேட்கவில்லை. அடுத்த வீடு பட்டாபிராமில் இருந்தது. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் கையில் இருந்தது ஒன்பது குடும்பங்களுக்குத்தான். பட்டியலில் முப்பதுக்கு மேல். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வசந்தியின் பெயருக்கு எதிரே 'ஃபிரிட்ஜ் உள்ளது, காத்திருக்கலாம்' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சார் அதைப் படித்தார். "சோப்பு பாத்தீங்களா?"

"பாக்கல சார்."

"சரி. ரெண்டாவது தடவ போறப்ப பாருங்க."

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். என் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. மழை மூன்றாம் நாளே விட்டது. புதன்கிழமை வேறொரு வேலையாக ஆவடி வரைக்கும் போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஏறினால் கால் மணி நேரம். ஏறவில்லை. காலெல்லாம் சேறு, உடம்பில் அசதி. அந்த வீட்டைத்தான் பார்த்துவிட்டோமே என்று ஒரு நினைப்பு. பதினோரு வருடம் வீடு பார்த்தவளுக்குத் தெரியாதா என்ற திமிரும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சார் கேட்டார். "வெள்ளானூர் போனீங்களாம்மா?"

"போனேன் சார்."

"எப்படி இருக்கு?"

"காத்திருக்கலாம் சார்."

வசந்தியின் பெயரைப் பட்டியலில் கீழே எழுதிக்கொண்டார். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வெள்ளானூரில் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதே தெரு. குழாயடியில் வசந்தி நின்றிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டு, "வாங்கக்கா, ஊட்டுக்கு வாங்க" என்றாள். குரலில் துளி கோபம் இல்லை.

உள்ளே போனேன். சேகர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேச ஏதாவது வேண்டுமே என்று, "பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. மில்லுக்குப் போயிட்டா."

"எந்த மில்லு?"

"தெக்கால, நூலு மில்லு. இங்க ஒருத்தர் கீறாரு, புரோக்கரு. அவர்தான் இட்டுக்கினு போனாரு. அங்கியே தங்கிக்கணும், சோறு அவங்களே போட்டுடுவாங்க. மூணு வருசம் முட்ச்சா மொத்தமா துட்டு தருவாங்களாம்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நாங்க போவச் சொல்லலக்கா. ஊட்ல ஒரு வாயி கொறையும்ல, உங்க ரெண்டு பேருக்காவது போதும்லன்னு அவளே கெளம்பிட்டா."

நான் அந்த ஃபிரிட்ஜைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. குளிர் இல்லை. பழைய ரப்பர் வாசனைதான் வந்தது. தட்டுகளில் பதினோராம் வகுப்புப் புத்தகங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. பழுப்புக் காகித அட்டை போட்ட நோட்டுகள். பெயர் எழுதிய சின்னச் சின்னச் சீட்டுகள்.

"இது ஓடாதுக்கா. முன்ன குடியிருந்தவங்க வேணான்னு வுட்டுட்டுப் போனது. கூர ஒழுகுது, எலி வேற. புக்கு கெட்டுடும்னு அவதான் இதுல வெச்சிகினு இருந்தா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை கழுவ வேண்டும் என்றேன். பின்பக்கம் ஒரு வாளியும் குவளையும் மட்டும் இருந்தன. திரும்பி வந்தபோது வசந்தி கேட்டாள்.

"ரெண்டு வாட்டி வருவாங்கன்னு ஆபீசுல சொன்னாங்கக்கா. ஒரு வாரம் நான் எங்கியும் போவல. ஒரு நாளு மட்டும் இவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். அன்னிக்கி வந்துட்டுப் போயிட்டீங்களா?"

தப்பு தன் மேல்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். "இல்லம்மா. நான் வரவேயில்ல" என்றேன்.  வசந்தி ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனேன். சார் பருப்பு அளந்து கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. இருந்த பருப்பு முழுவதையும் கட்டி முடித்தார். கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பொண்ணு போயி எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசத்துக்கு மேல சார்."

"அரிசிய இன்னிக்கே குடுத்துடுங்க. அவங்கப்பாவக் கூப்பிட்டுக்கிட்டு நாம போயிட்டு வரலாம்."

திட்டுவார் என்று நின்றிருந்தேன். திட்டவில்லை. வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவர் என்னிடம், "போனீங்களாம்மா?" என்று கேட்கவில்லை. வீடு பார்க்கப் போகும் மற்றவர்களிடம் கேட்பார். என் முறை வரும்போது காகிதத்தை வாங்கிப் பேசாமல் வைத்துக்கொள்வார். அடுத்த வாரம் தானே அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எழுபது வயதைத் தாண்டியவர், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போவார். அவர் சாகும்வரை ஐந்து வருடம் அப்படித்தான் நடந்தது.

மில்லில் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. பெரிய இரும்புக் கேட். உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை, நீள பெஞ்சுகள். விடுதிப் பொறுப்பாளரம்மா நாங்கள் பேசுவது காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டார். கவிதா வந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சேகர் வாங்கி வந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தேவநாதன் சார்தான் பேசினார். "வீட்டுச் சாப்பாட்டுக்கு நாங்க பொறுப்பு எடுத்துக்கிறோம். உங்க படிப்புக்கும்தான். ஸ்கூல்ல நான் பேசுறேன். வந்துடுங்கம்மா."

அவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "நீங்கதான அன்னிக்கி வந்து டீ குட்ச்சிட்டுப் போனவங்க?"

"ஆமாம்மா."

"அந்தப் பாலு பக்கத்து ஊட்ல நான்தான் கேட்டு வாங்கியாந்தேன். பிஸ்கட்டும்தான். மொத வாட்டி வராங்க, வெறுந்தண்ணி குடுக்க முடியாதுன்னு அம்மா சொல்லிச்சு." அவள் குரல் உயரவே இல்லை. பரீட்சையில் விடை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். "அப்பறம் நீங்க வருவீங்க வருவீங்கன்னு அம்மா வாசல்லியே ஒக்காந்துகினு இருந்துச்சு. நீங்க டீ குட்ச்சிட்டுப் போன அன்னிக்கி ராவெல்லாம் நாங்க சாப்டலன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?"

 சார், "தப்பு எங்களோடது. இனிமே அப்படி ஆகாது" என்றார்.

"இப்ப சொல்றீங்க சார். நான் உங்கள நம்பி வந்துட்டு, அப்பறம் நீங்க வராம போயிட்டா?"

 அவள் எழுந்தாள். "இங்க மூணு வேளையும் சோறு கீது. நான் இருந்துக்கிறேன். அவங்க ரெண்டு பேரையும் பாத்துக்குங்க, போதும்." முறுக்குப் பொட்டலத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள். "அம்மாக்குக் குடு நைனா."

திரும்பும் வழியெல்லாம் சேகர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

அதன் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. சேகருக்குத் திருவேற்காட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தார் சார். வசந்தியும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு வருடம் கழித்துப் படியேறி வந்து, "போதும்க்கா, வேற ஊட்டுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கவிதா மில்லில் மூன்று வருடத்தை முடிக்கவில்லை. மூச்சிரைப்பு வந்து, சில மாதங்கள் பாக்கி இருக்கும்போதே அனுப்பிவிட்டார்கள். முடிக்காததால் மொத்தமாகத் தருவதாகச் சொன்ன பணத்தையும் தரவில்லை. சார் ஆள் வைத்துப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் திரும்பப் போகவில்லை. கல்யாணம் ஆகிப் பூந்தமல்லி பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், ஒரு காலை, அலுவலக பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. வாயில் முந்தானையை வைத்து இருமினாள். இருமல் நின்று நிமிர்ந்தபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"நீங்க இன்னும் இங்கதான் கீறீங்களா?"

"ஆமாம்மா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். போய்விடுவாள் என்று பயந்தேன். படி வரைக்கும் போனவள் நின்றாள். குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் திரும்பி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு வுட்டுட்டுப் போயி ஆறு மாசம் ஆவுது" என்றாள் சுவரைப் பார்த்து. "அம்மாக்குத் தெரியாது. சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

விண்ணப்பத்தை நிரப்பி என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டியதும் சட்டென்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஊட்டுக்கு நீங்க வர வேணாம். வேற யாராச்சும் வரட்டும்."

"சரிம்மா" என்றேன். உள்ளே போய், என்னோடு வேலை பார்த்த புனிதாவை அனுப்பினேன். புனிதா அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். ரெண்டு தடவ போ என்று மட்டும் அவளிடம் சொன்னேன். ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் செவ்வாய்க்கிழமை ஒரு முறை போனாள். சனிக்கிழமை சொல்லாமல் இன்னொரு முறை போனாள். திரும்பி வந்து, "அக்கா, அந்த வீட்ல" என்று ஆரம்பித்தாள். என்னிடம் சொல்ல வேண்டாம், எழுதி வை என்றேன். அந்த மாதமே கவிதாவின் பெயர் மேலே ஏறியது. அரிசியும் மருந்தும் போக ஆரம்பித்தன.

அவள் எந்தத் தெருவில் இருந்தாள், வீட்டில் என்ன இருந்தது, குழந்தையின் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வேலையை விடும்வரை ஒவ்வொரு மாதமும் பட்டியலில் அவள் பெயரைத் தேடிப் பார்ப்பேன். எதிரே புனிதாவின் கையெழுத்து இருக்கும். பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.